தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு உள்ளே செல்க

அந்நிய தேசங்களில் உத்தியோகம் தேடிச் செல்லும் நம் வாலிபர்களைப் பற்றியும், அவர்களை வேலைக்கு அமர்த்துமுன் அங்குள்ள முதலாளிகள் நடத்தும் 'இன்டர்வியூ' என்னும் நேர்முகப் பரீட்சையைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். தேச விவகாரங்கள் எத்தனையோ இருக்க, இதற்கு இவ்வளவு இடம் வேண்டுமா என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். பழைய வட ஆற்காட்டுச் சீமையில் பிறந்தவர் எவரும் அப்படிக் கேட்க மாட்டார். 2019-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட ராணிப்பேட்டை ஜில்லாவிலுள்ள நெமிலி தொடங்கி, வாலாஜா, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரையில், தோலைப் பதனிட்டும், வெட்டியும், தைத்தும் ஜீவிக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அக்குடும்பங்களில் கைத்தொழிலை நன்கு கற்ற பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளையும், ஆப்பிரிக்காவையும், ஐரோப்பாவையும், கனடாவையும் நோக்கியிருக்கிறார்கள். தொழில் தெரியாமல் ஒருவன் பரீட்சையில் தோற்றால் அதில் வியப்பில்லை. தொழிலை நன்றாகத் தெரிந்துகொண்டும், அதைச் சொல்லத் தெரியாமல் அரை மணி நேரப் பேச்சில் தோற்று வருகிறவர்களைக் குறித்தே நாம் வருந்துகிறோம்.

பழைய பரீட்சை

இச்சீமையார் கடல் கடப்பது புதிதன்று. 1860-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. அது முதல் 1911 வரையில் நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவே சென்றனர். அப்படிச் சென்றவர்களை மிகுதியாகக் கொடுத்த ஜில்லாக்களில் வட ஆற்காடும் ஒன்று.

அவர்களுக்கும் ஒரு பரீட்சை நடந்தது. வைத்தியர் உடம்பைப் பார்த்தார். மாஜிஸ்டிரேட்டு, ஒப்பந்த நிபந்தனைகள் விளங்கினவா, மனம் ஒப்பித்தான் போகிறாயா என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஏழை 'ஆம்' என்று தலையசைத்தான். அந்த ஒரு சொல்லுக்கு ஐந்து வருஷ அடிமை வாழ்வு விலையாயிற்று. அவன் யாதொரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவனுக்கு எவரும் சொல்லவுமில்லை.

1894-ஆம் வருஷத்தில் டர்பன் நகரில் காந்தியடிகள் புதிதாக வக்கீல் தொழில் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எஜமானனிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் வழிய அவரது காரியாலயத்துக்கு வந்தார். வந்தவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன்னிலைக்குச் செல்லும் ஒப்பந்தக் கூலி அப்படித்தான் நிற்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தையே அவர் ஓர் இந்திய வக்கீலிடத்திலும் அனுஷ்டித்தார். காந்தியடிகள் முதலில் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட அந்த மனிதரின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதைத் தமது சுயசரிதையில் அவர் குறித்திருக்கிறார். வழக்கு விவகாரமெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்து நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. ஆயினும், பரீட்சை அறையின் கதவைத் தட்டும்போது நம் வாலிபர்களில் பலர் இன்னும் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

நம்மவர் செய்யும் பிழை

ஓர் உதாரணம் சொல்வோம். தோல் ஷாப்பில் பதினொரு வருஷம் குரோம் பதனீட்டு வேலை பார்த்த ஒருவரை வெளிநாட்டுக் கம்பெனியார் வீடியோ மூலம் பரீட்சிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது முதல் கேள்வி. அவர் தம் பெயரையும், தகப்பனார் பெயரையும், ஊரையும், எத்தனை பேர் உடன்பிறந்தார் என்பதையும் சொல்லி நிறுத்திவிடுகிறார். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்கிறார்கள். "கம்பெனியில் எல்லா வேலையும் பார்ப்போம், ஐயா" என்கிறார். "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால், "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்கிறார். "எங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்றால், "ஒன்றுமில்லை, ஐயா" என்கிறார்.

நெமிலிக் கடைத்தெருவில் இந்த நான்கு விடைகளும் அடக்கமுள்ள நல்ல பிள்ளையின் விடைகளாகவே கொள்ளப்படும். பெரியவர்கள் முன்னிலையில் தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்றும், கூலியை வாய்விட்டுக் கேட்பது பேராசை என்றும், எதிர்க்கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றும் நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். மேஜைக்கு அப்பாலிருக்கும் அந்நியர் இதை வேறு விதமாகப் படிக்கிறார். இம்மனிதருக்குத் தம் தொழிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தம் வேலையின் மதிப்பு தெரியாது, இந்த வேலையில் அக்கறையும் இல்லை என்று குறித்துக்கொள்கிறார். அவர் கெட்ட எண்ணத்தால் அப்படிச் செய்யவில்லை. சொன்னதை மட்டுமே கணக்கில் எடுப்பது அவருடைய முறை.

தோல் தொழிலாளிக்கு இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தோலைத் தொட்டவனைத் தொடலாகாது என்று நெடுங்காலம் சொல்லிவந்த சமூகம் நம்முடையது. தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்தவர்கள், பெண் பார்க்கப் போகுமிடத்திலும், வாடகைக்கு வீடு கேட்குமிடத்திலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்குமிடத்திலும் 'கம்பெனி வேலை' என்று பொதுப்படச் சொல்லியே தப்பவேண்டியிருந்தது. ஆண்டாண்டுகளாக ஒளிக்கப் பழகிய விஷயத்தை ஒரு நாள் காலையில் அந்நியர் முன்னிலையில் விரித்துச் சொல் என்றால் நாக்கு எப்படி எழும்பும்? இக்குற்றம் அத்தொழிலாளியுடையது அன்று, நம்முடையது. ஆனால் நஷ்டம் அவருடையதாக இருக்கிறபடியால், அவர் காதில் ஒன்றை உரக்கச் சொல்லவேண்டியது நமது கடமை: எந்தத் தொழிலை ஊரில் மறைத்தீர்களோ, அதையே அந்த அறையில் அவர்கள் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

சொல்லும் முறை

இனி அனுபவசாலிகள் கூறும் முறையைச் சொல்வோம். மேல்நாடுகளில் பரீட்சகர்கள் பெரும்பாலும் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்பார்கள். "வேலையில் ஒரு கஷ்டம் நேர்ந்தபோது என்ன செய்தீர்கள்?" என்பது அவர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதற்கு விடை நான்கு படிகளில் அமையவேண்டும்: நிலைமை இன்னது, என் பொறுப்பு இன்னது, நான் செய்தது இன்னது, விளைந்த பயன் இன்னது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகலாகாது.

மேற்சொன்ன பதனீட்டுக்காரரே இப்படி விடை சொல்லியிருக்கலாம்: "எங்கள் ஷிப்டில் ஒரு நாள், டிரம்மிலிருந்து எடுத்த தோல் துண்டைக் கொதிநீரில் போட்டபோது சுருங்கிவிட்டது. அந்த டிரம்முக்குப் பொறுப்பு நான். துண்டின் வெட்டுவாயைப் பார்த்தேன். மேலும் கீழும் நீலம் ஏறி, நடுவில் வெளுப்பாக இருந்தது. குரோம் உட்புகுமுன்னரே காரத்தைச் சேர்த்துவிட்டார்கள் என்று கண்டுகொண்டேன். மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவித்து, அமிலத்தன்மையை அளந்து சரிசெய்து, டிரம்மை மேலும் ஓடவிட்டேன். பெரும்பாலான தோல்கள் தப்பின. அன்று முதல், காரம் சேர்க்குமுன் ஒரு துண்டை வெட்டிப் பார்க்கும் வழக்கத்தை எங்கள் ஷிப்டில் ஏற்படுத்தினேன்."

இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? நடந்தது நடந்தபடி சொல்லப்பட்டிருக்கிறது. 'நாங்கள் செய்தோம்' என்று சொல்லும் நம் வழக்கம் அழகானதே. ஆனால் அந்த அறையில் பரீட்சை உங்கள் ஒருவருக்குத்தான். பலர் சேர்ந்து செய்ததைப் பலர் செய்ததாகவும், தாம் செய்ததைத் தாம் செய்ததாகவும் பிரித்துச் சொல்வது சத்தியத்துக்கும் பொருந்தும். செய்யாததைச் செய்ததாகச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். வெளிப்படாமற் போனால், வேலை தொடங்கிய முதல் வாரத்தில் வெளிப்படும்.

தையல் பகுதியிலுள்ள நம் சகோதரிகளுக்கும் இதுவே முறை. 'தையல் வேலை' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடலாகாது. ஷூவின் மேற்பாகத்தில் எந்தப் பகுதியைத் தைத்தீர்கள், என்ன மாதிரி மெஷின், ஒரு மணிக்கு எத்தனை ஜோடி, தவறு என்று திரும்பி வந்தவை எத்தனை, புதிதாக வந்தவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்ததுண்டா என்பவற்றை வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தோல் வெட்டுகிறவர், தழும்பையும் துளையையும் ஒதுக்கி, தோல் இழுபடும் திசை பார்த்து அச்சுகளை அடுக்குவதில் எவ்வளவு தோல் மிச்சப்படுகிறது என்பதைச் சொல்லவேண்டும். முதலாளிக்குப் புரியும் பாஷை கணக்கே.

அத்தாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களிடம் சர்விஸ் சர்டிபிகேட் பெரும்பாலும் இராது. வருங்கால வைப்புநிதிக் கணக்கும், இ.எஸ்.ஐ. அட்டையும் நீங்கள் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் என்பதற்கு நல்ல சாட்சிகள். பள்ளிப் படிப்பில்லாமல் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்களைப் பரீட்சித்து அத்தாட்சி கொடுக்கும் ஏற்பாடும் தோல் துறைத் திறன் கவுன்சிலில் உண்டு. 1948-இல் அடையாற்றில் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையமும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்திவருகின்றன. அந்நிய நாட்டார் அறிந்த பெயர்கள் இவை.

பெயரும் பாஷையும்

இனிஷியலை முன்னே வைத்துக்கொள்ளும் தமிழர் வழக்கம் அந்நியருக்கு விளங்குவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னுமிடத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் அப்பெயராலேயே உங்களை அழைப்பார்கள். தொடக்கத்திலேயே, "என்னை இன்ன பெயரால் அழையுங்கள்" என்று புன்னகையுடன் சொல்லிவிடுவது நலம். நாம் பக்கவாட்டில் தலையசைத்து 'சரி' என்று தெரிவிப்பதை அவர்கள் 'இல்லை' என்று நினைக்கலாம். ஆகையால் வாயால் சொல்லுங்கள். கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவன்று.

இங்கிலீஷ் சரளமாக வரவில்லையே என்று அஞ்சவேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களாக நிதானமாகப் பேசினால் போதும். கேள்வி விளங்காவிட்டால், இன்னொரு முறை கேட்கும்படி சொல்வதில் அவமானமில்லை. விளங்காத கேள்விக்கு 'எஸ்' என்பதில்தான் ஆபத்திருக்கிறது. நேட்டாலுக்குப் போனவன் சொன்ன 'ஆம்' நமக்கு மறந்துவிடலாகாது. நம் காரியாலய இங்கிலீஷையும் அப்படியே கொண்டுபோக வேண்டாம். படித்து முடித்ததை நாம் 'பாஸ்டு அவுட்' என்கிறோம். இங்கிலாந்தில் கேட்பவர் நீங்கள் மூர்ச்சை போட்டு விழுந்ததாக நினைப்பார். ஜெர்மனிக்குப் போகிறவர்களோ அந்நாட்டு பாஷையை இங்கேயே ஓரளவு கற்றுக்கொண்டு போவது உத்தமம்.

நாமும் கேட்கவேண்டும்

பரீட்சை முடிவில் "ஏதேனும் கேட்கவேண்டுமா?" என்பார்கள். இது உபசாரமன்று; பரீட்சையின் கடைசிக் கேள்வி. சம்பளம் கைக்கு எவ்வளவு வரும், எத்தனை மணி நேர வேலை, மிகைநேரத்துக்கு என்ன கணக்கு, ஜாகை யாருடையது, ஒப்பந்தம் எந்த பாஷையில் எழுதப்படும், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்கலாகாது.

தோல் தொழிலாளி இன்னொன்றும் கேட்கவேண்டும். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தால் உண்டாகும் விஷவாயு நொடிப்பொழுதில் உயிரைக் குடிக்கும் என்பதை நம் ஜில்லாவார் அறிவார்கள். "தொட்டியில் இறங்கி வேலை செய்ய நேர்ந்தால் வாயுவை அளக்கும் கருவி உண்டா? முகமூடியும் கையுறையும் யார் கொடுப்பார்கள்?" என்று கேட்பவரை எந்த நல்ல முதலாளியும் மரியாதையோடு பார்ப்பார். தொழிலின் ஆழம் அறிந்தவனுக்கே அந்தக் கேள்வி தோன்றும். அக்கேள்விக்கு முகம் சுளிப்பவனிடத்தில் வேலைக்குப் போகாதிருப்பதே லாபம்.

கேட்கலாகாத கேள்விகளும் உண்டு. மதம், பிறந்த தேசம், கர்ப்பம் முதலியவற்றைக் காரணமாக வைத்து வேலையை மறுப்பது இங்கிலாந்தில் 2010-ஆம் வருஷத்துச் சமத்துவச் சட்டத்துக்கு விரோதம். ஈழத்தமிழரும் நம்மவரும் திரளாக வாழும் டொரான்டோ நகரை உடைய கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 'கனடா தேசத்து அனுபவம் வேண்டும்' என்னும் ஒரே நிபந்தனையால் புதிதாகக் குடியேறிய இஞ்சினீயர்களும் கணக்கர்களும் நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். 2013-இல் அம்மாகாண மனித உரிமைக் கமிஷன் இதைக் கண்டித்தது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்போர், வெளிப்படையாகச் செய்யும் வேலை விளம்பரத்தில் அந்த நிபந்தனையைப் போடலாகாது என்றும், சம்பள வரம்பைக் குறிப்பிடவேண்டும் என்றும், பரீட்சித்தவர்களுக்கு 45 நாட்களுக்குள் முடிவைப் பற்றித் தெரிவிக்கவேண்டும் என்றும் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. வாசலில் நின்றவர்கள் வாய்திறந்து கேட்டதன் பலன் இது.

போலிப் பரீட்சை

கேள்வியே கேளாமல் வேலை கொடுக்கிறவர்களிடம் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். 2022-ஆம் வருஷத்தில், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிய இந்திய வாலிபர்கள், தமிழர்கள் உட்பட, எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் சிறைப்பட்டார்கள். அங்கே அவர்களைக் கொண்டு இணைய மோசடி செய்வித்தார்கள். அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில் இந்திய வெளிவிவகார அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்களையும் 'இன்டர்வியூ' செய்துதான் எடுத்தார்கள்.

மெய்யான பரீட்சகர் உங்கள் தொழிலைத் தோண்டித் துருவிக் கேட்பார். பொய்யானவர் எப்பொழுது புறப்படுவீர்கள், பணம் எப்பொழுது கட்டுவீர்கள் என்றே கேட்பார். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பவேண்டாம். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். 'இ-மைக்ரேட்' என்னும் அரசாங்க இணைய ஏட்டில் அவர் பெயர் உண்டா என்று எவரும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கூலிக்கு விதிகள் வைத்த வரம்பு 30,000 ரூபாயும் அதன்மீதான வரியுமே. லட்சக்கணக்கில் கேட்பவர் யாராயிருந்தாலும் சட்டத்துக்குப் புறம்பானவரே. சந்தேகமுள்ளவர்கள், 1978-இல் தமிழக அரசாங்கம் ஸ்தாபித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரின் காரியாலயத்தையோ விசாரித்துவிட்டு மேலே நடக்கட்டும். நிலத்தை அடகு வைப்பதற்கு முன் செய்யவேண்டிய காரியம் இது. பின்பு செய்து பயனில்லை.

நெமிலியில் செய்யக்கூடியது

இவையெல்லாம் வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டுமே என்று எண்ணவேண்டாம். 2024-ஆம் வருஷத்தில், நெமிலித் தாலுகாவிலுள்ள பனப்பாக்கத்திலேயே டாடா மோட்டார் தொழிற்சாலைக்கும், தைவான் தேசத்துக் கம்பெனி ஒன்றின் காலணித் தொழிற்சாலைக்கும் அஸ்திவாரம் போடப்பட்டது. கொசஸ்தலையாற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்நியப் பரீட்சகர் தாமே வந்து சேர்கிறார். ஊரை விட்டுப் போகாதவரும் அதே மேஜையின் முன் உட்காரவேண்டிய காலம் இது.

ஆகவே நாம் ஒரு யோசனை கூறுகிறோம். வெளிநாட்டில் சில வருஷம் வேலை செய்து திரும்பியவர்கள் இப்பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ, அவர்கள் ஒரு மேஜையின் பின்னால் உட்காரட்டும். போக விரும்பும் வாலிபர்களும் பெண்களும் ஒவ்வொருவராக முன்னால் வந்து உட்காரட்டும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பழகட்டும். முதல் வாரம் சிரிப்பு வரும். இரண்டாம் வாரம் நாக்குத் தடுமாறும். நான்காம் வாரம் தம் தொழிலைத் தம் வாயால் கூச்சமின்றிச் சொல்ல வந்துவிடும். இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. சர்க்கார் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படிப் பழகும்போது, ஊரார் சுற்றி நின்று கேட்பார்கள். தோல் பதனிடுவதில் இத்தனை நுட்பம் இருக்கிறதா என்று அவர்களில் பலர் முதல்முறையாக அறிவார்கள். தொழிலாளி தம் தொழிலைத் தம் ஊரிலேயே தலைநிமிர்ந்து சொல்லக் கற்றால், அந்நியர் முன்னிலையில் அவருக்குப் பயமேது? டர்பன் நகரில் ஒரு தமிழ்த் தொழிலாளிக்குத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி சொல்ல ஒரு காந்தி இருந்தார். நெமிலியிலும் ஆம்பூரிலும் அதை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லி அனுப்புவோமாக.